நூற்றியேழாம் நம்பர் கதவு

கதவு திறக்கவில்லை.

பரமேஸ்வரன் கைப்பிடியைத் திருகினார், இழுத்தார், ஒரு காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு மறுபடி இழுத்தார். தாழ்ப்பாள் திறந்துதான் இருந்தது. கதவுதான் மசியவில்லை. சொந்த வீட்டு மாடியில், தானே பக்கத்தில் நின்று கட்டிய புது அறைக்குள், ஐம்பத்துமூன்று வயதில் ஒரு மனிதர் மாட்டிக்கொண்டால் யாரைக் குறை சொல்வது?

"உமா! ஏட்டி உமா! கதவு தொறக்க மாட்டேங்கு!"

கீழே அடுக்களையிலிருந்து மனைவி உமா மகேஸ்வரியின் குரல் வந்தது. "நல்லா இழுங்க! காலைல தின்ன ஏழு தோசையும் எங்கன போச்சு?"

"ஆறுதான் தின்னேன்!"

அதற்குள் வெளிப்பக்கம் இரும்புப் படியில் தடதடவென்று யாரோ ஏறி வரும் சத்தம். 'டொக்' என்று ஒரு இடி. கதவு பூப்போலத் திறந்து பரமேஸ்வரனின் மூக்கைத் தொட்டு நின்றது. வாசலில் சுடலைமாடன் சிரித்துக்கொண்டு நின்றார்.

"பதறாதிய அண்ணாச்சி. கைப்பிடிய மேல தூக்கிப் பிடிக்கணும். பிடிச்சாப்ல வலது கால் முட்டால கீழ்ப் பலகையில ஒரே இடி. உள்ள இருந்துன்னா இடிச்சிட்டு இழுக்கணும். அவ்வளவுதான்."

"இத மொதல்லயே சொல்லக் கூடாதாவே?"

"சொன்னா வராது அண்ணாச்சி, பழகணும். முப்பது வருஷமா இந்தக் கதவு இப்படித்தான். பழகின ஆளுக்குத்தான் தொறக்கும்."

இது யாரு வீட்டுக் கதவு, சுடலைமாடனுக்கு இதோடு முப்பது வருஷப் பழக்கம் எப்படி என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

பரமேஸ்வரன் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை எழுத்தர். வீடு, குற்றாலத்திலிருந்து ஐந்தருவிக்குப் போகிற ரோட்டை ஒட்டிய தெருவில். நல்ல மனிதர். ஒரே ஒரு கோளாறு, புதுசு என்ற வார்த்தையைக் கேட்டாலே அவருக்கு வயிறு எரியும். ஜவுளிக் கடைக்குப் போனால் பொம்மைக்குப் போட்டிருக்கும் சட்டையைக் கழற்றித் தரச் சொல்லுவார். வீட்டு ஃபிரிட்ஜின் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டி நிற்கும், ஏனென்றால் அந்தப் பக்கம்தான் நசுங்கியிருக்கிறது. பாதி விலைக்கு ஒரு சாமான் கிடைத்துவிட்டால் அன்று பூராவும் முகத்தில் மாப்பிள்ளைக் களை.

உமாவுக்கும் ஒரு கோளாறு உண்டு. அது அவள் அண்ணன் சண்முகநாதன்.

சென்னையில் பெரிய கம்பெனியில் மேனேஜர். முன்பெல்லாம் வருஷம் தவறாமல் சீசனுக்குத் தங்கை வீட்டுக்கு வருவார். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவி அகிலாண்டேஸ்வரி, கிளம்புகிற நேரத்தில் லேசாக ஒரு வார்த்தை சொன்னாள். "தப்பா நினைக்காத உமா, குளிமுறி புறவாசல்ல இருக்கா, ராத்திரி எந்திரிச்சா நனைஞ்சுக்கிட்டே போக வேண்டியிருக்கு. அட்டாச்டு பாத்ரூம்னா நல்லாருக்கும்."

அதோடு சரி. ஒரு வருஷம் லீவு கிடைக்கவில்லை என்றார்கள். மறு வருஷம் ஆடிட்டிங். அதற்கு மறு வருஷம் மதினிக்குச் சளி. உமா விடவில்லை. அருவியை அனுப்ப முடியாது, பழத்தையாவது அனுப்புவோம் என்று ஒவ்வொரு சீசனுக்கும் மங்குஸ்தானும் ரம்புட்டானும் பார்சல் கட்டி அனுப்புவாள். ஒரு வாரம் கழித்து அண்ணன் போன் பண்ணுவார். "பார்சல் வந்தன்னைக்கு வீட்ல ஆளில்ல உமா, பக்கத்து வீட்ல வாங்கி வச்சிருந்தாங்க. பாதிப் பழம் அழுகிருச்சு." ஆறு வருஷமும் இதே கதைதான்.

"பாவம், வீட்ல கூட இருக்க விடாம அண்ணன வேல வாங்குதான் அந்தக் கம்பெனிக்காரன்" என்று உமா கண்ணைத் துடைத்துக்கொள்வாள். "குற்றாலத்துல தங்கச்சி வீடு இருந்தும் அருவியில தலையக் குடுக்க வழியில்லாம போச்சே! எல்லாம் நம்ம வீட்டு லட்சணம்."

இந்த வருஷம் பங்குனியில் அவள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "மாடியில பாத்ரூமோட ஒரு ரூம் கட்டுங்க. எங்க அண்ணன் வந்து நாலு நாள் தங்கணும். அது நடக்காம எனக்கு இந்த வீட்ல சோறு இறங்காது."

இன்ஜினீயர் வந்து அளந்து ஒரு தொகை சொன்னார். பரமேஸ்வரன் இரண்டு நாள் அந்தத் தொகையையே முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள்தான் துல்கர்னைன் போன் செய்தார். வடகரை போகிற வழியில் இடித்த வீட்டுச் சாமான் விற்கிற கடை அவருடையது.

"அண்ணாச்சி, ஐந்தருவி ரோட்ல தேனமுது லாட்ஜ் இருந்துச்சுல்லா? அத இடிக்காங்க, புதுசா பெருசா கட்டப் போறாங்களாம். கதவு, ஜன்னல், டைல்ஸ், வாஷ்பேசின், இரும்புப் படி, எல்லாம் முழுசா கெடக்கு. நீங்க மனசு வச்சா ஒரு ரூம அப்படியே அள்ளிக்கிட்டுப் போயிரலாம்."

பரமேஸ்வரனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரு ரூமை அப்படியே! அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரில் பறந்தார். கதவைத் தட்டிப் பார்த்தார், தேக்கு. டைல்ஸைத் தடவிப் பார்த்தார், ஒரு கீறல் இல்லை. சோப்பு டப்பாவைக் கூட விடவில்லை, அதையும் சுவரிலிருந்து பெயர்க்கச் சொன்னார். எல்லாம் நாலில் ஒரு பங்கு விலை! வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தார்.

சாமானோடு ஒரு ஆளும் வந்து சேர்ந்தார். அவர்தான் சுடலைமாடன். அம்பத்தெட்டு வயசு, தேனமுது லாட்ஜில் ரூம் பாய். லாட்ஜை இடித்ததும் வேலை போய்விட்டது. "எந்தச் சாமான் எங்கன இருந்துச்சுன்னு எனக்குத்தான் அண்ணாச்சி தெரியும், நானே நின்னு மாட்டித் தாரேன்" என்று லாரியில் ஏறி உட்கார்ந்தவர், வேலை முடிந்தும் போகவில்லை. காலையில் எழுந்தால் அவராகவே மாடி அறைக்கு முன்னால் ஒரு வாளி வெந்நீரைக் கொண்டு வைத்துவிடுவார். உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை. கை பழகிவிட்டது.

அறை எழும்பியது. உமா அண்ணனுக்குப் போன் போட்டாள். ஆனியில் ஒரு நாள், யாருமே எதிர்பார்க்கவில்லை, சண்முகநாதனே கூப்பிட்டார்.

"உமா, இந்த வருஷம் வாரோம். வேற வழியில்ல."

"என்னண்ணே சொல்லுத?"

"இல்ல… உன்னப் பாக்காம இருக்க முடியல. அதான்."

உமா போனை வைத்துவிட்டு அடுக்களைக்கும் வாசலுக்கும் நாலு தடவை ஓடினாள். அந்தச் சந்தோஷத்தில் மதினிக்குத் தனியாக ஒரு போன் போட்டு, "எல்லாம் புத்தம் புதுசு மதினி, கடையில போயி நாந்தான் ஒவ்வொண்ணா பாத்துப் பாத்து எடுத்தேன்" என்று அளந்தும் விட்டாள். அப்புறம்தான் புருஷனிடம் வந்து விரலை ஆட்டினாள்.

"இங்கேருங்க, பழைய சாமான்னு மட்டும் மதினிக்குத் தெரிஞ்சுது, நான் மூஞ்சிய எங்க கொண்டு வைக்க? பொறவு அண்ணன் ஜென்மத்துக்கும் இந்தப் பக்கம் வரமாட்டான்."

"அவங்களுக்கு எப்படித் தெரியும்? நான் என்ன கோட்டிக்காரனா, வெளிய சொல்ல?" என்றார் பரமேஸ்வரன்.

சொல்ல வேண்டியதே இல்லை. கதவே சொல்லியது. நடுநெற்றியில் பித்தளையில் 107 என்று அறைந்திருந்தது.

அண்ணன் வர எட்டு நாள் இருந்தது. பரமேஸ்வரன் பித்தளை எண்களை நெம்பி எடுத்தார். முப்பது வருஷம் வெயில் படாத அந்த இடத்தில் மரம் வெளுத்து, 107 முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்தார். இப்போது 107 பளபளத்தது. சரி, முழுக்கப் பெயின்ட் அடித்து மறைப்போம் என்று அடித்தால், இந்தச் சாரலில் பெயின்ட் எங்கே காயும்? பெயின்ட் பூராவும் அவர் சட்டைக்கு வந்து சேர்ந்தது. கடைசியில் பிள்ளையார் படம் ஒன்று ஒட்டினார். படம் சின்னது. ஒன்றுக்கும் ஏழுக்கும் நடுவில் பிள்ளையார் உட்கார்ந்துகொண்டார்.

"ஆசாரி போட்ட குறின்னு சொல்லிக்கிடலாம்" என்றார் பரமேஸ்வரன்.

உமா லாட்ஜ் கண்ணாடியிலிருந்து யார் யாரோ ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுக் கறைகளைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை சாரல் வலுத்து, நேரே கதவின் மேல் அடித்தது. மரம் ஊதி, கதவு இன்னும் இறுகியது. மேலே ஒரு தகரம் போட்டால் தேவலை என்று பரமேஸ்வரன் துல்கர்னைனுக்குப் போன் போட்டார். "நம்ம அண்ணாச்சிக்கு இல்லாததா" என்று அவர் ஒரு பெரிய தகரத்தைச் சும்மாவே கொடுத்தனுப்பினார். இலவசம்! பரமேஸ்வரன் பூரித்துப்போனார். அது தேனமுது லாட்ஜின் போர்டு. அதனால் என்ன, எழுத்து இருக்கிற பக்கத்தைக் கீழே வைத்துச் சாய்வாக ஆணி அடித்துவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள்?

தகரம் நடுவில் குழிந்திருந்தது. ராத்திரி பூராவும் அதில் தண்ணீர் தேங்கி, யார் உள்ளே நுழைந்தாலும் சரியாக உச்சந்தலையில் கொட்டியது. "காலைல பாத்துக்கிடலாம்" என்று பரமேஸ்வரன் படுத்துவிட்டார். அண்ணன் வருகிற சனிக்கிழமை விடிந்ததும் அவர் காய்கறி வாங்கப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் சுடலைமாடன் காரியத்தை முடித்திருந்தார். தகரத்தைக் கழற்றி, திருப்பிப் போட்டு, அழகாக ஆணி அடித்துவிட்டார். இப்போது ஒரு சொட்டு ஒழுகவில்லை.

பரமேஸ்வரன் இரண்டு கையிலும் பையோடு தெருமுனை திரும்பினார். வீட்டு வாசலில் ஒரு வேன் நின்றது.

"சார், ரூம் இருக்கா?" என்றார் வேனிலிருந்து இறங்கிய ஒருவர். விருதுநகர்க்காரராம்.

"எந்த ரூமு?"

அவர் மேலே கை காட்டினார். ரோட்டைப் பார்த்துச் சாய்ந்திருந்த தகரத்தில், மழையில் கழுவிப் பளிச்சென்று எழுத்துகள் நின்றன. தேனமுது லாட்ஜ். குடும்பத்துடன் தங்க ஏற்ற இடம்.

"ஏ சுடல! என்ன காரியம்வே பண்ணி வச்சிருக்கீரு?"

"ஒழுகல பாத்தியளா அண்ணாச்சி!" என்று மாடியிலிருந்து பெருமையாகச் சத்தம் வந்தது. கூடவே, "ரூம் ஒண்ணுதான் சார் இருக்கு, பெட்டிய மேல கொண்டு வரட்டுமா?"

"எங்க அண்ணன் நாலு மணிக்கு வந்துருவான்!" என்று உமா தலையில் கையை வைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தாள்.

தகரத்தைக் கழற்றினால் அண்ணன் தலையில் தண்ணீர் கொட்டும். கழற்றாவிட்டால் மானம் போகும். பரமேஸ்வரன் யோசித்தார். பழைய காலண்டர் அட்டையை எடுத்து, பின்பக்கத்தில் 'ரூம் இல்லை' என்று பெரிதாக எழுதி கேட்டில் தொங்கவிட்டார்.

அதுதான் அவர் செய்த பெரிய தப்பு. சீசன் நேரத்தில் குற்றாலத்தில் ரூம் இல்லை என்று போர்டு தொங்கினால், அது நல்ல லாட்ஜ் என்று அர்த்தம். அரைமணி நேரத்தில் மூன்று கார் வந்துவிட்டது.

"எப்ப சார் காலியாகும்?"

"காலியாகாது."

"பரவால்ல, வெயிட் பண்றோம்" என்று அவர்கள் காம்பவுண்டுச் சுவரை ஒட்டிப் பாயை விரித்துப் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தார்கள்.

பரமேஸ்வரன் அட்டையைப் பிடுங்கினார். 'இது வீடு' என்று எழுதித் தொங்கவிட்டார்.

"ஹோம்ஸ்டேயா?" என்று ஒரு பெண் துள்ளினாள். "இதத்தாங்க போன்ல தேடிக்கிட்டே வந்தோம்! சாப்பாடும் வீட்டுச் சாப்பாடுதானே?" அவள் நேரே அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தாள். "அக்கா, மத்தியானத்துக்கு என்ன?"

"சொதி" என்று உமா வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

"அப்ப ஆறு பேருக்குச் சேத்து வச்சிருங்க!"

கொல்லத்திலிருந்து வந்த ஒருவர், "சேட்டா, சூடு வெள்ளம் உண்டோ?" என்று வெந்நீர் கேட்டார். சுடலைமாடன் வாளியோடு அவருக்கு முன்னால் போய் நின்றார். மூன்று மாதமாக இல்லாத ஒரு வெளிச்சம் அந்த மனிதர் முகத்தில்.

பரமேஸ்வரன் அந்த அட்டையையும் பிடுங்கினார். மூன்றாவது அட்டை எழுதினார். 'உறவினர்களுக்கு மட்டும்.'

கூட்டம் அதைக் கவனமாக வாசித்தது. பிறகு விருதுநகர்க்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"எங்க பெரியம்மா மகள இலத்தூர்லதான் குடுத்திருக்கு. உங்களுக்கு இலத்தூர்ல ஆளு உண்டா சார்?"

பேசாமல் உள்ளே போயிருக்க வேண்டும். ஆனால் நம்ம பக்கத்து ஆளிடம் எந்த ஊர், யாரு வீடு என்று கேட்டுவிட்டால் பதில் சொல்லாமல் எப்படிப் போக முடியும்? "எங்க சித்தப்பா வீடு இலத்தூர்தான், கீழத்தெரு" என்று பரமேஸ்வரன் சொல்லிவிட்டார்.

"கீழத்தெருவுல யாரு, வாத்தியார் வீடா?"

"வாத்தியார் வீட்டுக்கு எதுத்த வீடு."

"அட! அப்ப தபாலாபீஸ்காரர் உங்களுக்கு என்ன வேணும்?"

"அவருதான் எங்க சித்தப்பா!"

"அந்த வீட்லதான் குடுத்திருக்கு! அப்ப நீங்க எனக்கு மாமா முறை!" விருதுநகர்க்காரர் ஓடி வந்து பரமேஸ்வரனைக் கட்டிக்கொண்டார். கூட்டம் கைதட்டியது. இரண்டு குடும்பம் உடனே தங்கள் பெரியம்மா மகள்களை எந்த ஊரில் கொடுத்திருக்கிறது என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தது.

மணி மூன்றே முக்கால். உமா கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். "எல்லாருக்கும் ஒரு கும்பிடு" என்றாள். கரண்டி பிடித்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆறு வருஷம் கழிச்சு எங்க அண்ணன் இன்னைக்கு வாரான். அவனுக்காகத்தான் இந்த ரூமக் கட்டினோம். அவன் வந்து இந்தக் கூட்டத்தப் பாத்தா வாசலோட திரும்பிருவான். தயவு பண்ணிப் போயிருங்க."

கூட்டத்துக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. புளியோதரைக்காரர்கள் பாயைச் சுருட்டினார்கள். "அழாதீங்க அத்தை" என்றார் விருதுநகர் மருமகன். சுடலைமாடன்தான் முன்னால் வந்தார். "அம்மா, நீங்க வெசனப்படாதிய. எனக்குத் தெரிஞ்ச ஒரு லாட்ஜ் இருக்கு. எல்லாரையும் நான் கொண்டு போயி விட்டுட்டு, அப்படியே அண்ணனுக்கு பஜ்ஜியும் வாங்கிட்டு வாரேன்." தலையில் ஒரு பெட்டியை ஏற்றிக்கொண்டு அவர் நடக்க, கூட்டம் பூராவும் பின்னால் போனது.

பரமேஸ்வரன் உமாவின் பழைய சேலை ஒன்றைத் தகரத்தின் மேல் விரித்துக் கட்டினார். இறங்கி வந்து மூச்சு வாங்கினார். கார் வந்து நின்றது.

"அண்ணே!" உமா கார்க் கதவை முழுசாகத் திறக்கக்கூட விடவில்லை, காருக்குள்ளேயே பாதி நுழைந்துவிட்டாள்.

சண்முகநாதன் இறங்கினார். நல்ல சிரிப்போடுதான் இறங்கினார். இரும்புப் படியைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. மேலே ஏறினார். கதவைப் பார்த்தார். ஒன்று, பிள்ளையார், ஏழு. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

பரமேஸ்வரன் பின்னாலேயே படியேறி ஓடினார். போச்சு, கண்டுபிடித்துவிட்டார். "அது ஆசாரி போட்ட குறி அத்தான்" என்றார் அவசரமாக.

"ஆமா ஆமா, ஆசாரி குறிதான்! பாத்தாலே தெரியுதே மாப்ளே" என்றார் சண்முகநாதன் அதைவிட அவசரமாக.

பரமேஸ்வரனுக்கு உயிர் திரும்பி வந்தது. இனிக் கதவு ஒன்றுதான் பாக்கி. "அக்கா, கொஞ்சம் நில்லுங்க, புதுக் கதவு பாருங்க, கொஞ்சம் இறுக்கமா இருக்கும், நான் வந்து…"

அகிலாண்டேஸ்வரி நிற்கவில்லை. உமாவிடம் வழியில் சாப்பிட்ட இட்லியைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டே, ஒரு கையில் பையோடு, மறு கையால் கைப்பிடியை மேலே தூக்கினாள். வலது முட்டியால் கீழ்ப் பலகையில் 'டொக்' என்று ஒன்று. கதவு திறந்தது. உள்ளே போய், திரும்பிக்கூடப் பார்க்காமல் பையைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தாள்.

"எப்படிக்கா?" பரமேஸ்வரன் வாயைப் பிளந்தார். "எனக்கு எட்டு நாளா வரலியே!"

அகிலாண்டேஸ்வரி ஒரு நொடி திகைத்தாள். "கதவுன்னா… எல்லாக் கதவும் ஒண்ணுதானே தம்பி."

"எங்க மதினி கை ராசி அப்படி!" என்றாள் உமா. அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. குழாயைத் திறந்து காட்டினாள், டைல்ஸைத் தொட்டுக் காட்டினாள், சோப்பு டப்பாவைக் காட்டினாள். "பிடிச்சிருக்கா மதினி? இனி வருஷா வருஷம் வந்துரணும்!"

"ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றாள் மதினி தரையைப் பார்த்தபடி.

"சொந்த வீட்ல இருக்க மாதிரியே இருக்கு உமா" என்றார் அண்ணன். அவர் எதற்கு இப்படி வேர்க்கிறார் என்று பரமேஸ்வரனுக்குப் புரியவில்லை. வேர்த்தால் என்ன! உமா அழுதுகொண்டே சிரித்தாள். ஆறு வருஷக் குறை தீர்ந்தது, அதுவும் நாலில் ஒரு பங்கு விலையில். பரமேஸ்வரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை!

இரும்புப் படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. ஒரு கையில் பஜ்ஜிப் பொட்டலமும் மறு கையில் வெந்நீர் வாளியுமாக வாசலில் வந்து நின்ற சுடலைமாடன், உள்ளே இருந்தவர்களைப் பார்த்து முகமெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"வாங்க சார், வாங்கம்மா! ஆறு வருஷமா சீசன் தவறாம தங்குன ரூமாச்சே, லாட்ஜ இடிச்ச பொறவும் விடாம இங்கன வந்து பிடிச்சிட்டியளே!"